தூயமல்லி வயலில் யூரியா

யூரியா போட்ட நெல்லின் பச்சை எனக்குத் தெரியும். அது ஓர் அவசரப் பச்சை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய நிறம். அதனால்தான் டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய அன்று, ஆட்டோ எங்கள் நிலத்து ஓரமாகத் திரும்பியதும் "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்று கத்தினேன். வீட்டுக்காரர் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வாந்தியாவது ஒன்றாவது! என் ஒரு ஏக்கர் தூயமல்லி நெல் கரும்பச்சையாக நின்றுகொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது நோஞ்சான் பயிர். வெளிறிப்போய், தூர் கட்டாமல், பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்துவிட்டுப் போகிற மாதிரி நின்றது. ரசாயன உரத்தை விட்டு இயற்கை விவசாயத்துக்கு மாறுகிற நிலம் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அக்ரி ஆபீஸில் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். நானும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது நாளில் அது இப்படித் தேறியதற்கு மலை மேல் இருக்கிற முருகன் காரணமில்லை என்பது மட்டும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

வேண்டாம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுக்க, கால் நடுங்க நடுங்க இறங்கி வரப்புக்குப் போனேன். பச்சை ஒரே சீராக இல்லை. வரப்போரத்தில் திட்டுத் திட்டாக அடர்ந்து, பத்தடி தள்ளி நிறம் குறைந்து, நடு வயலில் பழைய வெளிறலாகவே இருந்தது. கையை முழுசாக நீட்டி வீச முடியாத யாரோ வீசியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி உரம் வீசுகிறவர் ஒருவர்தான். டிராக்டரிலிருந்து விழுந்து வலது தோள் இறங்கிப்போனவர். பக்கத்து நிலத்துக்காரர். என் கூடப்பிறந்த அண்ணன். அப்போது அவர் என்னோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷமாகியிருந்தது.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் நைனா போய்விட்டார். வயிற்று வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்று ஏக்கரில் கரும்பு போட்டு, மில்லுக்கு வெட்டி அனுப்பி, என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து வைத்தார். என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. இருந்தாலும் பெண் பிறந்த ஊரை விட்டுத் தூரம் போகக் கூடாது என்று வீடு கட்ட இடமும் பார்த்துக் கொடுத்தார். நான் கேட்காமலேயே ஒரு ஏக்கரை என் பேருக்கு எழுதி வைத்தார். பெண்ணுக்கு நிலமா என்று ஊரில் சிரித்தவர்களிடம் "எங்க நைனா சொத்து, எங்கூட்டுப் பொண்ணுக்குக் குடுக்கறேன், ஒனக்கின்னாடா?" என்று சட்டையைப் பிடிக்கப் போனவர் அவர்.

இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவர்களுக்கு அரசாங்கம் உதவுகிறது என்று ஊராட்சி ஆபீஸில் கூட்டம் போட்டபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் நான். இருபது பேர் சேர்ந்தால் ஒரு குழு. பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை, மண்புழு உரம் செய்யப் பெரிய பை, கரைசல் கலக்க நீல டிரம், பாரம்பரிய நெல் விதை எல்லாம் கிடைக்கும். அது போக மானியமும் உண்டு. மூன்று வருஷம் ஒரு பிடி ரசாயனம் கூடப் படாமல் இருந்தால் முழுச் சான்றிதழ். அது கைக்கு வந்தால் எங்கள் தூயமல்லியை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சென்னைக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். குழுவில் ஒருவர் நிலத்தை இன்னொருவர் போய்ச் சோதித்து எழுத வேண்டும், அதுதான் ஏற்பாடு. தலைவராக ஒரு ரிட்டையர்டு பஸ் கண்டக்டரைப் போட்டோம். கூட்டத்துக்கு யார் லேட்டாக வந்து வாசலில் நின்றாலும் "படியில நிக்காத, உள்ள போ உள்ள போ" என்பார்.

அண்ணன் ஆரம்பத்தில் கிண்டல்தான் செய்தார். "மாட்டு மூத்தரத்த டிரம்ல ஊத்திக் கலக்கிகினு கீறா, டாக்டரம்மா" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவர் மாட்டுக் கொட்டகைச் சாணியை டிராக்டரில் கொண்டு வந்து என் நிலத்தில் கொட்டியதும் அவர்தான். அது வரைக்கும் ஒரு தகராறும் இல்லை.

பிறகு அந்தப் போர்டு வந்தது. ஒவ்வொருவர் நிலத்திலும் நட வேண்டும் என்று அக்ரி ஆபீஸில் ஒரு தகரப் போர்டு கொடுத்தார்கள். 'இயற்கை வேளாண்மை நிலம். இங்கே ரசாயன உரமும் பூச்சிமருந்தும் பயன்படுத்தக் கூடாது' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. ரோட்டில் போகிறவர்கள் படிக்கட்டுமே என்று பெருமையாக அதை ரோட்டுப் பக்கம் பார்க்க நட்டேன். ரோட்டுக்கும் என் நிலத்துக்கும் நடுவில்தான் அண்ணன் நிலம். அவர் நிலத்தில் எங்கே நின்று தலையைத் தூக்கினாலும் அந்தப் போர்டு அவரைப் பார்த்து 'பயன்படுத்தக் கூடாது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றாமல் போனதற்கு இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

ஒரு வாரம் பார்த்தார். எட்டாவது நாள் வரப்பில் நின்று கேட்டார். "இன்னாமே, நான் இன்னா வெஷம் வெக்கிறவனா? எனக்கு நேரா போர்டு வெச்சிகிற?"

மெதுவாகத்தான் கேட்டார். அப்போதே "ஐயோ அண்ணா, திருப்பி வெக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வாய் சும்மா இருக்காது. "போட்றவங்களுக்குத்தானே உறுத்தும்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த யூரியா மூட்டைய முதுவுல தூக்கித்தான்டி ஒனக்குக் கல்யாணம் பண்ணேன்" என்றார்.

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். "அந்த மருந்த அடிச்சி அடிச்சித்தானே நைனா வயிறு வெந்து செத்தாரு? நீதானே வாளில கலந்து கலந்து குடுத்த?" என்றேன்.

நைனா எதனால் செத்தார் என்று எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்குள்ளே பல வருஷமாக ஒரு சந்தேகம், அவ்வளவுதான். நைனா மருந்தடிக்க, அண்ணன் வாளியில் கலந்து கொடுப்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எல்லார் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது? பத்தொன்பது வயதுப் பையன், அப்பன் கலக்கச் சொன்னால் கலக்கிக் கொடுக்காமல் என்ன செய்வான்? அண்ணன் என்னைத் திட்டவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. தன் உள்ளங்கைகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். திரும்பிப் போய்விட்டார். மறுநாளே போர்டைப் பிடுங்கி வேறு பக்கம் பார்க்க நட்டேன். அவர் அதைப் பார்த்தாரா என்று கூடத் தெரியாது.

அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் என்று சொல்லிவிடலாம், வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். நான் களை பிடுங்கும்போது பத்தடி தள்ளி அவர் இருமுவது கேட்கும். அந்த இருமலுக்கு என்ன கஷாயம் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாரிடம் கொடுத்தனுப்புவது? கனகம்மாசத்திரத்துக் கடையில் நான் நிற்பதைப் பார்த்தால், வாங்க வந்ததை வாங்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் காவடி எடுத்து மலை ஏறும். அந்தச் சண்டை நடந்த வருஷம் தனித்தனியாக ஏறினோம். படியில் ஆந்திராக் கூட்டம் ஒன்று திமுதிமுவென்று மேலே வந்து என்னைச் சுவரோடு நெருக்கியபோது, எங்கிருந்தோ வந்த ஒரு முதுகு எனக்கு முன்னால் குறுக்கே நின்று கூட்டத்தைத் தாங்கியது. அந்த முதுகு எனக்குத் தெரியாதா? கூட்டம் தாண்டியதும் அது ஒரு வார்த்தை பேசாமல் படி ஏறிப் போனது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேண்டுதல் போல இருக்கிறது என்று நினைத்து யாரோ ஒரு அம்மா எனக்கு விபூதி பூசிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே வந்தது. கண்டக்டர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணி கூட ஒரு தரம் வந்துவிட்டுப் போனாள். அண்ணன் வரவில்லை. ரத்தத்தில் தட்டணு குறைந்துகொண்டே போன அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே ஆசைதான். கட்டிலோரம் வந்து "இன்னா, எப்டி கீற?" என்று கேட்டால் போதும்.

கேட்கத் தெரியாத மனிதர், யூரியா போட்டிருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்த மத்தியானம் அண்ணி ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். அவளைப் பார்த்ததும் "இன்னா அண்ணி இது? எதுக்கு அண்ணி இப்டிப் பண்ணாரு?" என்று பிடித்துக்கொண்டேன்.

"எனக்கின்னா தெரியும்? நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு மனுஷன் சோறு துன்ல. மறுநா காத்தால நெலத்துக்குப் போய்ட்டு வந்து, 'பயிரு கெடக்குற கெடப்பப் பாத்தியா? இத்தப் பாத்துப் பாத்துதான் அவ ஒடம்பு இப்டி ஆயிட்ச்சி'ன்னாரு. மூட்டையத் தூக்கிகினு கெளம்பிட்டாரு. வேணாம், அவ ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுகிறான்னு தலப்பாடா அடிச்சிகினேன். 'பயிரு பச்ச ஆனா அவ எழுந்து உக்காந்துருவா, நீ சும்மா இரு'ன்னாரு" என்றாள்.

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. பாவி மனுஷா, இரண்டு வருஷமாக ஒரு கரண்டி ரசாயன உரம் போடாமல் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வைத்திருந்த நிலமாச்சே! அடுத்த வருஷம் சான்றிதழ் ஆச்சே! சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணி என் முதுகைத் தடவிக்கொண்டே "அவுரு கைல எழுதி ஒட்டி வெச்ச மாரி கீது, எல்லாருக்கும் தெரிஞ்சிரும். இன்னா பண்ணப் போற?" என்று கேட்டாள்.

குழுவின் நிலச் சோதனைக்கு நான்கு நாள் இருந்தது. கண்டக்டர் வந்து வயலைப் பார்த்தார், தாடையைத் தடவினார். "இடி மின்னலோட மழ பேஞ்சா பயிரு பச்ச ஆகும்ல? அப்டியே சொல்லிக்கலாம். யாரு பாக்கப் போறா?" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். "மழ வரப்போரத்துல மட்டுந்தான் பெஞ்சிதா?" என்று கேட்டேன். பொய் சொல்லி வாங்குகிற சான்றிதழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? போட்டது போட்டாச்சு என்று ஒத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். யார் போட்டது என்பதை மட்டும் எப்படிச் சொல்வது என்று நான்கு நாளும் தெரியவில்லை.

சோதனை நாளன்று காலை பத்து மணிக்குக் குழுவில் ஆறேழு பேரும் அக்ரி ஆபீஸிலிருந்து ஒரு மேடமும் வந்தார்கள். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. அன்றைக்குக் கிணற்றுத் தண்ணீர் என் முறை. நைனா வெட்டிய கிணறு எங்கள் இரண்டு பேருக்கும் பொது. மோட்டார் அண்ணன் பக்கம் இருப்பதால் என் முறைக்கும் அவர்தான் போட்டு விடுவார். வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு மம்மட்டியோடு தன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தும் அவர் நகரவில்லை.

மேடம் ஒரு சுற்று நடந்து வந்து இரண்டு இலையைக் கிள்ளிப் பார்த்தாள். "அம்மா, இது யூரியாதானே?"

"ஆங், யூரியாதான் மேடம். நான்தான் போட்டேன்" என்றேன்.

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியாது. கண்டக்டர் விடுவாரா? "ஆஸ்பத்திரி பெட்ல படுத்துகினே கைய நீட்டிப் போட்டியாம்மா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேடத்துக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, செல்போனில் எதையோ தள்ளிப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். தள்ளி என்றால் ஐந்தடி. அண்ணன் பக்கத்து ஐந்தடி.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப, உங்களுக்குத் தெரியாம, வெளியாள் யாரோ போட்டதுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா நான் மேல அனுப்பிக் கேட்கலாம். பக்கத்து நிலத்துக்காரர்னு போடுங்க. வரப்போரத்தை மட்டும் கழிச்சிட்டு மீதிக்கு உங்க ரெண்டு வருஷத்தையும் அப்படியே கணக்குல வெச்சுக்க வாய்ப்பிருக்கு. வீட்டு ஆள் போட்டதுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. மொத்த நிலத்துக்கும் மறுபடி முதல் வருஷம். இந்த உதவியெல்லாம் ரெண்டாவது தரம் கிடைக்கும்னும் சொல்ல முடியாது."

நல்ல பெண். எனக்கு வழி காட்டினாள். ஒரே ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வெளியாள். குழுவில் எல்லார் கண்ணும் அண்ணன் நிற்கிற பக்கம்தான் இருந்தது. குனிந்து மடையோரத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர், மம்மட்டியை நிறுத்தியிருந்தார்.

ஒரு தரம் என் வாயால் அவரை நைனாவைக் கொன்றவராக ஆக்கினேன். இப்போது ஆபீஸ் காகிதத்தில் வெளியாள் ஆக்க வேண்டுமாம். சான்றிதழ் வேண்டும்தான். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பசுந்தாளை மடக்கி உழுதது, விடியலில் எழுந்து கரைசல் கலக்கியது, ஊர்ச் சிரிப்பைத் தாங்கியது எல்லாம் கண் முன்னால் வந்து போனது.

"வெளியாள் இல்ல மேடம். எங்கூட்டு ஆளுதான்" என்றேன். குரல் நான் நினைத்ததை விடப் பெரிதாக வந்துவிட்டது.

"ஐயோ இன்னாம்மா நீ" என்றார் கண்டக்டர்.

மேடம் செல்போனைத் தட்டினாள். "உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல."

"அப்ப என்ன உறவுன்னு போடறதும்மா?"

வாயைத் திறந்தேன். இரண்டு வருஷமாகச் சத்தமாகச் சொல்லாத வார்த்தை அது. அழுகைதான் வந்தது. மேடம் விரலைத் தூக்கியபடி காத்திருந்தாள்.

"அண்ணன்னு போடுங்க மேடம்" என்றது வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மேடம் போட்டாள். நான் அவள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என் இரண்டு வருஷம் அந்தக் கையெழுத்தோடு போனது. எல்லாரும் என்னிடம் துக்கம் கேட்கிற மாதிரி ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு அடுத்த நிலத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் போகவில்லை. அவரும் போகவில்லை. எங்கள் நடுவில் வாய்க்கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பினார். நேராக என் முகத்தைப் பார்த்தார். தலை நரைத்துப்போயிருந்தது. அதைக் கூட நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். மம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நைனா சாவுக்கு நீ காரணமில்லை, நான் சொன்னது தப்பு. இவ்வளவுதான். இரண்டு வருஷமாக வயலிலும் அடுப்படியிலும் பஸ்ஸிலும் எத்தனை முறை சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"தண்ணி போதும்ணா, மடையக் கட்டிரு" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஆங்" என்றார். குனிந்து மடையைக் கட்டினார்.